புரவியெடுப்பைப் பற்றிய குறும்படம்: கைப்பேசிப் பதிவுகளை எளிய மென்பொருளில் தொகுப்பது எப்படி?

செவக்காட்டான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு இம்முறை அய்யனாருக்குப் புரவியெடுப்பு நடந்தது. மண்குதிரை செய்யும் வேளாரிடம் பிடிமண் (வேலையைத் தொடங்கச் சொல்லிக் கொடுக்கும் ஒரு பிடி மண்) கொடுத்த நாளில் தொடங்கி, அவர் வீட்டுத் திடலில் குதிரைகள் உருவானதையும், சுட்டு எடுத்ததையும், வண்ணம் தீட்டியதையும், கடைசியில் ஊரார் தோளில் சுமந்து கோயிலில் இறக்கியதையும் கைப்பேசியிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறேன். என் தம்பி மகனும் சில காட்சிகளை எடுத்திருக்கிறான். அவன் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தே எடுத்ததால் அவை எல்லாம் செங்குத்தாக இருக்கின்றன. மொத்தமாகப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

இவற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் செய்து முதலில் ஊர் மந்தையில் திரை கட்டிக் காட்ட வேண்டும், பிறகு யூடியூபில் ஏற்ற வேண்டும் என்பது என் விருப்பம். கையில் இருப்பது 8 ஜிபி ரேமும் ஐ3 செயலியும் கொண்ட மடிக்கணினி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. முன்பு விண்டோஸ் மூவி மேக்கரில் பிறந்தநாள் புகைப்படங்களைக் கோத்துப் பாட்டுப் போட்டதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை. எந்த மென்பொருளை எடுத்துக்கொள்வது, இவ்வளவு பதிவில் எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும். வேளார் பெரியவர் நாற்பது நிமிடம் அருமையாகப் பேசியிருக்கிறார்; ஆனால் திறந்த வெளியில் எடுத்ததால் காற்றுச் சத்தமும், தூரத்து ஒலிபெருக்கிச் சத்தமும் கலந்திருக்கின்றன.

வெட்டுமேசை

நண்பருக்கு வணக்கம். விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அதே பெயரைச் சொல்லி இணையத்தில் இன்று கிடைப்பவற்றில் பல அந்த நிறுவனத்துக்குத் தொடர்பே இல்லாதவை என்பதால், அவற்றை இறக்கி நிறுவிவிடாதீர்கள். விண்டோஸ் 11 இருந்தால் கிளிப்சாம்ப் கூடவே வரும். சிறிய வேலைகளுக்கு அது போதும். ஐந்து மணி நேரப் பதிவைப் பொறுக்கி எடுக்கும் வேலை என்பதால் உங்களுக்கு நான் ஷாட்கட்டைச் சொல்வேன். அது இலவசமான திறந்த மூல மென்பொருள். படத்தின் மேல் முத்திரை எதுவும் விழாது. உங்கள் கணினியிலும் ஓடும். கேடென்லைவும் ஏறக்குறைய இதே தரத்தில் இருப்பதுதான், இரண்டில் எது கைக்கு வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இவை இரண்டையும் விட வலிமையானது என்றாலும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அதை ஓட்டுவது பொறுமையைச் சோதித்துவிடும்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கைப்பேசிகளிலும் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் போட்டு, அதன் பிரதி ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். ஷாட்கட் சேமிக்கும் திட்டக் கோப்புக்குள் உங்கள் காட்சிகள் இருப்பதில்லை. எந்தக் காட்சி கணினியில் எங்கே இருக்கிறது, அதில் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை எடுக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். பாதி வேலையில் கோப்புறையின் பெயரை மாற்றினால்கூட 'கோப்பைக் காணோம்' என்று நிற்கும்.

அடுத்தது, அமைப்புகள் பகுதியில் ப்ராக்ஸியை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் தெளிவு குறைந்த ஒரு சிறு நகலை அது செய்துகொண்டு, நீங்கள் வெட்டி ஒட்டும்போது அந்த நகலையே ஓட்டிக் காட்டும். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதாவது முடிந்த படத்தை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்போது, அசல் கோப்பு தானாக அந்த இடத்துக்கு வந்துவிடும். 8 ஜிபி கணினியில் திக்கித் திணறாமல் வேலை செய்ய இதைவிட்டால் வழியில்லை. திட்டத்தைத் தொடங்கும்போதே 1080பி (1920க்கு 1080 புள்ளி), நொடிக்கு 30 ஃப்ரேம் என்று நீங்களே குறித்துவிடுவதும் அவசியம். 'தானியங்கி' என்று விட்டால் முதலில் எந்தக் காட்சியைப் போடுகிறீர்களோ அதன் அளவையே படம் முழுவதற்கும் அது எடுத்துக்கொள்ளும். முதலில் போட்டது உங்கள் தம்பி மகனுடைய செங்குத்துக் காட்சியாக இருந்தால் படம் முழுவதும் நிமிர்ந்துகொள்ளும்.

இனி எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாக் காட்சிகளையும் ஒருமுறை முழுதாகப் பார்த்து, கோப்பின் எண், நிமிடம், என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் திருமணப் படங்களைத் தொகுத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் இதைத் தவிர்த்த நாளில்தான் இரவு முழுவதும் தேடிக்கொண்டிருப்போம்.

எழுதி முடித்த பின் முதலில் பெரியவரின் குரலை அடுக்குங்கள். நாற்பது நிமிடப் பேச்சை டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) போட்டு, வேண்டிய இடத்தில் எஸ் விசையால் வெட்டி, வேண்டாத துண்டை எக்ஸ் விசையால் நீக்கினால், பின்னால் இருப்பது தானாக முன்னே வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படியே குறைத்துக் குறைத்து ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த ஐந்து நிமிடப் பேச்சு மட்டுமே ஒரு கதையாகப் புரிய வேண்டும். வெட்டி ஒட்டிய இடங்களில் அவர் முகம் திடீரென்று துள்ளும். அதைப் பற்றிக் கவலைப்படாமல், டைம்லைனில் மேலே இன்னொரு ட்ராக் (அடுக்கு) சேர்த்து, அவர் மண் பிசைவதையோ, குதிரைக் காலைத் திரட்டுவதையோ அந்த இடத்தின் மேல் போட்டு மூடிவிடலாம். படம் மாறினாலும் குரல் அறுபடாமல் ஓடுவதால் பார்ப்பவருக்கு வெட்டே தெரியாது.

ஈரமண்

வெட்டுமேசை அவர்கள் சொன்னவற்றில் மென்பொருள், கோப்பு, நோட்டுப் புத்தகம் பற்றிய எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். குரலை முதலில் அடுக்க வேண்டும் என்ற இடத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. திருமண வீட்டில் எடுத்த நேர்காணலுக்கு அது சரியான வழி. ஒரு கைவினைஞரின் வேலையைப் பற்றிய படத்தில் அப்படிச் செய்தால், அவருடைய கைகள் அவருடைய பேச்சுக்குத் திண்டு கொடுக்கும் வேலையை மட்டுமே பார்க்கும். 'காலை முதலில் செய்து காயவைப்போம்' என்று அவர் சொல்லும்போது கால் செய்யும் காட்சி நாலு நொடி, 'வைக்கோலும் மணலும் கலப்போம்' என்று சொல்லும்போது கலக்கும் காட்சி மூன்று நொடி என்று வந்துகொண்டே இருந்தால், பாடப் புத்தகத்துக்குப் படம் போட்டதைப் போல ஆகிவிடும். எதையும் நாம் பார்த்திருக்க மாட்டோம், கேட்டிருப்போம், அவ்வளவுதான்.

1895இல் லூமியர் சகோதரர்கள் பாரிசில் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாதவை. வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டவை. ஒரு வேலை தொடங்கி முடிவதை இடையில் வெட்டாமல் பார்க்கும்போது மனிதருக்குக் கிடைக்கும் ஈர்ப்பு இத்தனை ஆண்டுக்குப் பிறகும் குறையவில்லை. ஆகவே உங்கள் நோட்டில், எந்தக் காட்சியில் ஒரு சிறு வேலை முழுமையாக இருக்கிறது என்று தனியாகக் குறியுங்கள். உள்ளே கூடாக இருக்கும் கழுத்தை உடலோடு சேர்த்து, ஈரக் கையால் மெழுகி, இணைப்பே தெரியாமல் ஆக்குவது அப்படி ஒன்று. கண் திறப்பது இன்னொன்று. இவற்றைப் பேச்சில்லாமல், அந்த இடத்துச் சத்தத்தோடு, நாற்பது நொடியோ ஒரு நிமிடமோ அப்படியே விட்டுவிடுங்கள். இப்படி நாலைந்து முழு வேலைகளை வரிசையாக வைத்தால் அதுவே படத்தின் முதுகெலும்பு. பெரியவரின் பேச்சை அவற்றுக்கு நடுவே, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவற்றைச் சொல்வதற்கு மட்டும் வையுங்கள்: பிடிமண் ஏன் கொடுக்கிறார்கள், யார் யாருடைய நேர்த்திக்கடன், அவருடைய அப்பா காலத்தில் எத்தனை குதிரை போனது என்பது போன்றவை.

இன்னொன்றும் உண்டு. வேலையின் வரிசையைக் காட்சிக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள். மண்ணின் நிறத்தைப் பார்த்தே எது காய்ந்தது, எது காயாதது என்று மந்தையில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். முதல் தொகுப்பு முடிந்ததும் ஊருக்குக் காட்டும் முன் அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள். வரிசை தவறியிருந்தால் அவரே சொல்வார், தான் பேசியதில் எதை ஊர் முன் வைக்க வேண்டாம் என்பதையும் சொல்வார்.

காதோலை

ஒலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காற்று மைக்கில் நேராக அடித்து உண்டாகும் 'புடபுட' ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பது. மனிதக் குரலின் தெளிவோ அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே ஷாட்கட்டின் ஒலி வடிகட்டிகளில் தாழ்ந்த ஓசையைத் தடுத்து மற்றதை விடும் ஹை பாஸ் என்பதை எடுத்து 100 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் காற்றின் பாரம் கணிசமாகக் குறையும். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் பெரியவரின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும் என்பதால் காதால் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த வேலையை மடிக்கணினியின் ஸ்பீக்கரில் செய்யவே முடியாது, தாழ்ந்த ஓசைகள் அதில் கேட்காது. நல்ல ஹெட்போன் ஒன்றைக் கடன் வாங்கியாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கிச் சத்தம் வேறு வகை. அது குரலோடு ஒரே அதிர்வெண்ணில் கலந்திருப்பதால் வடிகட்டியால் பிரிக்க முடியாது. அதிலும் திருவிழாவில் ஓடியது திரைப்படப் பாட்டு என்றால் இரண்டு தொல்லைகள் உண்டு. பேச்சை வெட்டி ஒட்டும் இடமெல்லாம் பின்னணியில் பாட்டு ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவும். கேட்பவருக்கு வெட்டு பளிச்சென்று தெரிந்துவிடும். யூடியூபில் ஏற்றினாலோ, அதன் கன்டென்ட் ஐடி முறை பின்னணியில் மெல்லியதாக ஓடும் பாட்டையும் பல நேரம் அடையாளம் கண்டுபிடித்து உரிமையாளரின் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே பாட்டு கலந்த பகுதிகளைத் தவிர்த்து, அதே செய்தியைப் பெரியவரிடம் மறுபடி கேட்டுப் பதிவு செய்வதே நல்லது. அவர் வீட்டுக்குள், கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக் குரலை மட்டும் எடுத்தால் போதும். மேலே கைகளின் காட்சி ஓடப்போவதால் முகம் தேவைப்படாது. எடுத்து முடித்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். பேச்சுத் துண்டுகளுக்கு இடையே வெறும் நிசப்தத்தை விட்டால் காது அடைத்துத் திறப்பது போலத் தெரியும், அங்கெல்லாம் இந்தப் பதிவைப் போட்டு நிரப்பலாம்.

ஈரமண் அவர்கள் சொன்ன முழு வேலைக் காட்சிகளுக்கும் சத்தம் வேண்டுமே. தட்டுப்பலகையால் மண்ணைத் தட்டும் ஓசை, நீரில் கையை நனைக்கும் ஓசை இவற்றைக் கைப்பேசியை அருகில் கொண்டுபோய்த் தனியாக எடுத்துவந்தால் அந்தக் காட்சிகள் வேறு தரத்துக்குப் போய்விடும். பின்னணி இசை சேர்க்க நினைத்தால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுக்கலாம். என்னைக் கேட்டால், புரவி எடுத்த நாளில் ஒலித்த நாயனமும் தவிலும் குலவையும் உங்களிடம் இருக்கும்போது வேறு இசை எதற்கு? அன்றைய ஊர்வல ஒலியை அந்தக் காட்சி தொடங்குவதற்கு மூன்று நான்கு நொடி முன்பே, வண்ணம் தீட்டும் காட்சி திரையில் இருக்கும்போதே மெல்லத் தொடங்கிவிடுங்கள்.

மைனர்வாள்

எதற்கு இவ்வளவு சுற்றல்? கைன்மாஸ்டரில் கைப்பேசியிலேயே முடித்துவிடலாமே. நான் என் கடை விளம்பரங்கள் எல்லாவற்றையும் அதில்தான் செய்கிறேன்.

வெட்டுமேசை

ஒரு நிமிட விளம்பரத்துக்கு அது மிகவும் வசதியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஐந்து மணி நேரப் பதிவைக் கைப்பேசித் திரையில் தேடிப் பொறுக்குவது விரலுக்கும் கண்ணுக்கும் தண்டனை. இலவசப் பதிப்பில் படத்தின் மூலையில் அவர்களுடைய முத்திரையும் விழும்.

ஈரமண் அவர்களின் மறுப்பைப் படித்தேன். புரவி செய்யும் பகுதிக்கு அவர் சொல்வதே பொருந்தும் என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிடிமண் கொடுக்கும் நாளிலும், ஊர்வல நாளிலும் கூட்டமும் நெருக்கடியுமாக எடுத்த காட்சிகள் துண்டு துண்டாகத்தான் இருக்கும்; அங்கே ஒரு குரல் பிடித்து இழுத்துக்கொண்டு போகாவிட்டால் வெளியூர்க்காரருக்கு எதுவும் புரியாது. ஆகவே அந்த இரண்டு இடங்களில் குரலை முதலில் அடுக்குங்கள், நடுவில் கைகளை விடுங்கள்.

செவக்காட்டான்

மிக்க நன்றி. நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கி, பெரியவரிடமும் மறுபடி பேசிக் குரலை எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் உட்கார்ந்ததும் முன்னைவிட நன்றாகவே பேசினார். இப்போது நான்கு சிக்கல்கள் இருக்கின்றன. தம்பி மகனின் காட்சிகளில் போகப் போக உதடும் குரலும் பொருந்தாமல் விலகுகின்றன. செங்குத்துக் காட்சிகளை என்ன செய்வது என்றும் தெரியவில்லை; புரவியைத் தோளில் தூக்கும் நொடி அவனிடம் மட்டுமே இருக்கிறது. மூன்றாவது, தலைப்பு எழுதினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் வண்ணம் தீட்டிய காட்சியில் பட்டை பட்டையாக ஓடுவதையும் சரிசெய்ய முடியுமா?

வெட்டுமேசை

குரல் விலகுவதற்குக் காரணம், பல கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைத்தும் பிறகு கூட்டியும் எடுக்கின்றன. ஒலி சீராக ஓட, படம் முன்னே பின்னே போகிறது. அத்தகைய கோப்பைத் திறக்கும்போது தொகுப்புக்கு உகந்த வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று ஷாட்கட்டே கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுங்கள். கோப்பின் அளவு பெருத்துவிடும், வட்டில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்குத்துக் காட்சியை அகலத்துக்கு வெட்டுவது எடுத்த தெளிவைப் பொறுத்தது. 4கேயில் எடுத்திருந்தால் அகலம் 2160 புள்ளி. அதில் 16:9 அளவுக்கு வெட்டினாலும் உயரம் 1215 புள்ளி கிடைப்பதால் 1080பி படத்தில் தாராளமாக நிற்கும். சாதாரண 1080பியில் எடுத்திருந்தால் வெட்டியபின் உயரம் 607 புள்ளிதான் மிஞ்சும். பெரிதாக்கினால் மந்தையில் கட்டும் திரையில் கலங்கித் தெரியும். அப்போது இருபக்கமும் கறுப்பாகவே விட்டு, நடுவில் செங்குத்தாகக் காட்டுங்கள். அதே காட்சியை மங்கலாக்கிப் பக்கங்களை நிரப்பும் வடிகட்டியும் ஷாட்கட்டில் இருக்கிறது, தொலைக்காட்சிச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, தோளில் ஏறும் புரவியை விட்டுவிட்டுக் கண் பக்கவாட்டுக்கு ஓடும்.

டியூப்லைட் பட்டையை எளிய மென்பொருளால் போக்க முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. கேமராவின் ஷட்டர் அந்தக் கணக்கோடு பொருந்தாதபோதுதான் பட்டை விழும். இனி எடுக்கும்போது கைப்பேசியில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்திவையுங்கள். எடுத்ததில் பட்டை குறைவாகத் தெரியும் நெருக்கக் காட்சிகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஈரமண்

தலைப்புச் சிக்கலுக்கு என் வழி: தொகுப்பு மென்பொருளிலேயே தமிழை எழுத வேண்டும் என்பதில்லை. முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவாக இருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைப் போட்டதும் சரியாகிவிட வாய்ப்புண்டு. அப்படியும் கொம்பு இடம் மாறினால் இங்க்ஸ்கேப்பில் 1920க்கு 1080 அளவில் தலைப்பை எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, மேல் ட்ராக்கில் ஒரு காட்சியைப் போலவே வைத்துவிடுங்கள். 'பொ', 'கோ', 'ஸ்ரீ' மூன்றும் சரியாக வந்தால் மற்றவையும் வந்துவிடும். ஊர்க்காரர் பெயர்களை எல்லாம் ஓடவிட நினைத்தால் ஒரு திரைக்கு ஆறேழு பெயருக்கு மேல் வைக்காதீர்கள். மந்தையில் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தேடிப் படிக்க நேரம் வேண்டும். வேளாரின் பெயரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காமல் தனித் திரையில் போடுங்கள்.

வெட்டுமேசை

எக்ஸ்போர்ட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. முன்னமைப்புகளில் யூடியூப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கோப்பு கிடைக்கும். யூடியூபுக்கும் புரொஜெக்டருக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இந்த ஒன்றே போதும். 1080பியில் 30 ஃப்ரேமுக்கு யூடியூப் பரிந்துரைப்பது நொடிக்கு 8 மெகாபிட். அந்தக் கணக்கில் பன்னிரண்டு நிமிடப் படம் 720 எம்பி அளவில் அடங்கும். எச்.265இல் எடுத்தால் கோப்பு சிறியதாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பழைய புரொஜெக்டர்களும் பெட்டிகளும் அதை ஓட்டாமல் கறுப்புத் திரையைக் காட்டும். பென்டிரைவில் ஏற்றியபின், மந்தையில் வைக்கப்போகும் அதே புரொஜெக்டரிலும் அதே ஸ்பீக்கரிலும் முதல் நாள் மாலையே முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஹெட்போனில் சரியாக இருந்த தவில் ஒலி பெரிய ஸ்பீக்கரில் குரலை விழுங்கும். அப்படி ஆனால் ஊர்வலப் பகுதியின் ஒலியை மட்டும் ஆறு டெசிபல் இறக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்துகொள்ள ஓர் இரவு மிச்சம் இருக்கும்.